பம்பருக்குள் நூற்றைம்பது பவுண்டு காற்று

லவோன் ஸ்டக்கியின் டிரெய்லர் வீட்டுப் பம்பர் உடைந்து விழுவதற்கு அரிசோனா பாலைவனத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை. ராண்டலின் டிரெய்லர் முகாம் வாசலில், ராண்டலின் கண் முன்னாலேயே விழுந்தது. அதில் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயர் உருண்டு போய் அவனுடைய கள்ளிச்செடித் தொட்டியை நொறுக்கியது. பம்பருக்குள் செருகி வைத்திருந்த கழிவுநீர்க் குழாய் பாதி வெளியே வந்து தொங்கியது. இருபத்தேழு வருடம் அந்த ஈரக் குழாயைச் சுமந்த சதுரப் பம்பர் உள்ளிருந்தே துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள புதுசு மாட்டிடுங்க மேடம்," என்றான் ராண்டல். "இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணிடுங்க. இது முகாம், பழைய இரும்புக் கடை இல்ல."

"அந்த வறண்ட ஓடைக்கு அந்தப் பக்கம் அரசாங்க நிலம் சும்மாதான கெடக்கு? போயிட்டாப் போச்சு," என்றாள் லவோன்.

"போங்களேன்! போன வருஷம் ஓடை மணல்ல மாட்டிக்கிட்டு நின்னப்ப டிராக்டர் வச்சு இழுத்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அதற்குப் பிறகு அவள் முகாமில் இருக்கும் நாளெல்லாம் வாரம் தவறாமல் அவன் சொல்லும் வசனம் அது.

லவோனுக்கு அறுபத்தெட்டு வயது. இந்தியானாவில் ஒரு தொழிற்சாலையில் லாரி பிரேக்குக்கான காற்றுத் தொட்டிகளை இருபத்தாறு வருடம் வெல்டிங் செய்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி, "பொம்பளை வச்ச வெல்டு ஒழுகும்" என்றான். அங்கே ஒவ்வொருவரும் தாங்கள் செய்த தொட்டியில் தங்கள் எண்ணை அடிக்க வேண்டும். அவளுடைய எண் நாற்பத்தொன்று. அந்த எண் போட்ட தொட்டி ஒன்றுகூட ஒழுகித் திரும்பி வந்ததில்லை. புருஷனுக்குப் புல்தரை போட்ட வீடு வேண்டியிருந்தது, அவளுக்குச் சக்கரம் வேண்டியிருந்தது. இருவரும் பிரிந்தார்கள். பதினோரு குளிர்காலமாக இந்தப் பாலைவனம்தான் அவளுக்கு ஊர்.

போன வசந்தத்தில் அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததும், அம்மா வந்து தங்கட்டும் என்று மகள் ஜோலீன் தன் வீட்டுப் பின்னறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்துவிட்டாள். "இன்னும் எத்தனை நாள்மா தனியா? நீ ஒரு தடவை எங்கயாவது மாட்டிக்கிட்டேன்னா நானே வந்து கூட்டிட்டு வந்துடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். லவோனுக்கு மஞ்சளே பிடிக்காது.

மணலில் போக ஒரு வழிதான் உண்டு. டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். அப்போது டயர் அகலமாகப் படிந்து, புதையாமல் போகும். ஆனால் ஓடையைத் தாண்டியதும் கூர்கூரான கல் பாதை. தளர்ந்த டயரோடு அதில் போனால் கிழிந்துவிடும். மின்சாரமே இல்லாத அங்கே திரும்பக் காற்றடிக்க வழியில்லாததால்தான் போன வருடம் அவள் காற்றை இறக்கப் பயந்தாள், புதைந்தாள்.

பழைய பம்பரை அறுத்துப் போட்டுவிட்டு அவள் கனமான ஓர் உருளை இரும்புக் குழாயைக் கொண்டு வந்தபோது, பக்கத்து டிரெய்லர் எம்மெட் எட்டிப் பார்த்தான். ஓய்வு பெற்ற லாரி டிரைவர், வாய் சும்மா இருக்காது.

"எல்லாப் பம்பரும் சதுரம். உன்னோடது மட்டும் ஏன் ராக்கெட் மாதிரி இருக்கு?"

"நாப்பது வருஷம் லாரி ஓட்டுனியே, சதுரமா ஒரு காத்துத் தொட்டி பாத்திருக்கியா? உள்ள காத்து நெரிச்சா மூலைதான் முதல்ல விட்டுக் கொடுக்கும்."

"அடிப்பாவி! பம்பருக்குள்ள காத்தா?"

இரண்டு முனைகளிலும் குவிந்த மூடி வைத்து வெல்டிங் செய்தாள். வால்வு, அழுத்தம் காட்டும் மீட்டர், அளவு மீறினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வு எல்லாம் பொருத்தினாள். சனிக்கிழமை காலை முகாமே வந்து நின்றது. "வெடிகுண்டு" என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவள் முதலில் காற்றை அடைக்கவில்லை. சேஃப்டி வால்வின் இடத்தைத் தற்காலிகமாக மூடிவிட்டு, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, கைப்பம்பால் அழுத்தினாள். வெல்டு பிய்த்துக்கொண்டால் காற்று ஆளைக் கொல்லும், தண்ணீர் சட்டையை நனைப்பதோடு சரி. மீட்டர் முள் இருநூறு பவுண்டைத் தொட்டபோது இடது மூடியின் ஓரத்தில் ஒரு துளி அரும்பியது.

"ஒழுகுது மேடம்," என்று ராண்டல் சிரித்தான்.

அவள் காதுவரை சிவந்து போனாள். தண்ணீரை வடித்தாள், அந்த இடத்தைத் தேய்த்து எடுத்தாள், மறுபடி வெல்டிங் செய்தாள். மறுபடி தண்ணீர். இருநூறு. முந்நூறு. அரை மணி நேரம் முள் அசையவில்லை. சுத்தியலை எடுத்து மூடியின் மேல் நாற்பத்தொன்று என்று எண்ணை அடித்தாள்.

ராண்டலின் குரல் இறங்கியது. "சரி, பம்பர் நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்து வேணாம். அந்த வால்வைக் கழட்டிட்டு ஓட்டையை அடைச்சிடுங்க. இந்த இடம் உங்களுக்குத்தான், எத்தனை வருஷம் வேணாலும் இருங்க."

தண்ணீர்க் குழாய், மின்சாரம், நிழல் தரும் ஒரே மரம் எல்லாம் இந்தப் பக்கம்தான் இருந்தது. லவோன் ஒரு கணம் அந்த மரத்தைப் பார்த்தாள். பிறகு வால்வைத் தொட்டுப் பார்த்தாள்.

"காத்தை எடுத்துட்டா நான் எத்தனை வருஷம் வேணாலும் இருப்பேன்தான் ராண்டல். வேற எங்க போக முடியும்?" என்றாள். "வால்வு இப்படியே இருக்கும்."

மத்தியானம் முகாம் மின்சாரத்தில் ஓடும் சின்ன கம்ப்ரசரால் பம்பரில் நூற்றைம்பது பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றை அடைத்தாள். ஓடைக்கரையில் நின்று டிரெய்லருக்கும் அதை இழுக்கும் பிக்கப் வண்டிக்கும் டயர்களைத் தளர்த்தினாள். ராண்டல் டிராக்டரில் ஏறி இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தான்.

"மெதுவா போ! நடுவுல நிறுத்திடாத!" என்று எம்மெட் கத்தினான்.

பாதி வழியில் பிக்கப்பின் பின்சக்கரம் சுழன்று மணலை வாரி இறைத்தது. போன வருடம் நின்ற அதே இடம். அவள் பிரேக்கைத் தொடவில்லை, ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்கவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள். டிரெய்லர் ஆடியது, முனகியது, மெல்ல ஏறி அக்கரையில் நின்றது.

இறங்கி, பம்பர் வால்வில் குழாயை மாட்டி, டிரெய்லரின் முதல் டயருக்குக் காற்றைத் திறந்தாள். அந்தச் சீறல் ஓடையைத் தாண்டி முகாம்வரை கேட்டது. நாலாவது டயரும் அறுபத்தைந்தைத் தொட்டபோது டிராக்டர் சத்தம் நின்றிருந்தது.

அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

"ஜோலீன், அந்தப் பின்னறைக்கு வேற யாரையாவது பாரு. நான் இன்னும் பிக்கப்போட நாலு டயருக்கும் காத்தடிக்கணும்."