நின்றது ரத்தம் மட்டும்தான்

அம்மாவுக்குத் தீட்டு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. 1980-களின் நடுவில் மறுபடி ரத்தம் படத் தொடங்கியதும் அவள் டாக்டரிடம் போகவில்லை. பாயை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஒதுங்கிவிட்டாள். அப்பா பொங்கிப் போட்டார். தலத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த எனக்கு விஷயம் எட்டுவதற்குள் முகம் வெளுத்து, எழுந்தால் கண் இருட்டுகிற நிலைக்கு வந்துவிட்டாள். என்ன மனுஷர்களோ என்று தலையில் அடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு, அம்பகரத்தூருக்கு ஓடினேன்.

கர்ப்பப்பை வாயில் புற்றுக்கட்டி என்று சொல்லி மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அங்கே ரத்தம் ஏற்ற ஏற்ற வடிந்துகொண்டே இருந்தது. ஆபரேஷனைத் தாங்குகிற தெம்பும் அவளுக்கு இல்லை. அதனால் தொடை மடிப்பில் ஊசித் துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள்ளேயே செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளைகளைப் பஞ்சு போன்ற துணுக்குகளால் அடைத்தார்கள். அப்போது அது புதுசு. மறுநாள் துணி காய்ந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வயலுக்குப் போகிற மடையை அடைத்த மாதிரி என்று டாக்டர் அப்பாவுக்கு விளக்கினார். கட்டி அப்படியேதான் இருக்கிறது, உடம்பு தேறியதும் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, கட்டாயம் வர வேண்டும், அதில்தான் கட்டி கரையும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்பா காதில் மடை மட்டும்தான் விழுந்தது.

ஊருக்கு வந்ததும் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு காளியம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். கரண்டு வைக்கிற நாள் நெருங்கியதும் நான் பையும் கையுமாகப் போய் நின்றேன்.

"தண்ணி போவலன்னா பயிரு தானா காஞ்சிடும். கரண்டு எதுக்கு?" என்றார் அப்பா.

"பக்கத்து வாய்க்கால்லேந்து பாயாதாப்பா?" என்று கேட்டேன். காலமெல்லாம் வயலில் கிடந்தவருக்குத் தெரியாததா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று அடுப்படிக்குப் போனேன். அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா திரும்பப் பட ஆரம்பிச்சிடும். இப்பத்தாண்டி அடுப்படிக்குள்ள வந்திருக்கேன். என்னை விட்டுரு" என்றாள்.

கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் பஸ் ஏறினேன். இரண்டு பேரும் அசையவில்லை. ரத்தம் மறுபடி வரவே இல்லை. கட்டிதான் உள்ளே வளர்ந்தது. வலியில் துடித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அந்த ரத்தம் நிற்காமல் கொஞ்சமாவது பட்டுக்கொண்டே இருந்திருந்தால், பயந்துகொண்டாவது கரண்டுக்கு வந்திருப்பாளே என்று நினைக்கும்போது, அவளைப் பிழைக்க வைத்த வைத்தியத்தின் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.