ரோபோவுக்கு வைத்த பொட்டு

அன்று எங்கள் செனாய் ஊர் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அப்புறம் ஜொகூர் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் கிட் விற்கும் ஒரு கடைக்காரர். கடன் கொடுத்தவர் என்பதால் மச்சான் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். தொழிற்சாலையில் சோல்டரிங் வேலை. அங்கே ஈயம் வைக்கிற ரோபோவைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் பொழுதுபோக்காகச் சர்க்யூட் செய்கிறவர்களும் வாங்கக்கூடிய விலையில் ஒன்று செய்ய ஆசை வந்துவிட்டது. பழைய 3டி பிரிண்டர் ஒன்றை வாங்கி, அதன் தலையில் சோல்டரிங் அயர்னைக் கட்டினேன். ஈயக் கம்பியைத் தள்ள ஒரு சின்ன மோட்டார். மச்சான் கடனாகக் கொடுத்த இரண்டாயிரத்து நானூறு மலேசிய வெள்ளியும் அதிலேயே கரைந்தது.

தான் கொண்டுவரும் பத்து சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துக் காட்டினால், இயந்திரத்தை ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஒரு பாகம் விட்டுப்போனாலும் ஏதாவது ஆகிவிடுமோ என்று, அசைகிற இடமெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். முதலில் மூலைக்குப் போய்த் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியது, போகவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே வேலையை ஆரம்பித்து, போர்டின் நட்டநடுவில் குத்தியது. புகை. பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்ன மாப்ள, போர்டு செய்யுதா, சத்தேக் கறி சுடுதா?" என்றார் மச்சான்.

"ஒன்னு போனா போவுது. அடுத்ததும் இப்படின்னா நான் கெளம்பிருவேன் லா," என்றார் கடைக்காரர்.

வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். மனைவி கைப்பேசி விளக்கை அடித்துக் குனிந்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. சாமிக்கு நெத்தியில வைப்பாங்க. நீங்க கண்ணுலயே அப்பி வச்சிருக்கீங்க!"

மூலையில் இருக்கும் சென்சாரின் பிளவுக்குள் சந்தனம் காய்ந்து கிடந்தது. அதற்குள் போகும் ஒளி மறைந்தால், மூலைக்கு வந்துவிட்டோம் என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். மீண்டும் போட்டதும் மூலைக்குப் போய் 'டிக்' என்று நின்றது. அப்புறம் புள்ளி புள்ளியாக, பளபளவென்று ஈயம். மீதி ஒன்பது போர்டையும் கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஒன்னோட ஒன்னு ஒட்டவே இல்லண்ணே."

"அந்த எரிஞ்ச போர்டு காசு..." என்று இழுத்தேன்.

"விடுங்கண்ணே, பூஜைக்குப் போனதா இருக்கட்டும்."

கடைக்காரர் கொடுத்த ஆயிரத்து எண்ணூறை அப்படியே மச்சான் கையில் வைத்தேன்.

"பாக்கிக்கும் பொட்டு வச்சு உக்கார வச்சிராத மாப்ள," என்று சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

ராத்தூக்கத்தைக் கெடுக்கிற தொகை இல்லை இப்போது. இன்னும் தரவேண்டியது அறுநூறு வெள்ளி.