பெல்ட்டா, புகையா?

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்குச் சைக்கிள் கடை. கடைக்குப் பக்கத்துப் புளியமர நிழலில்தான் வெங்கடப்பனின் வாடகைக் கார் நிற்கும். கெலமங்கலத்துக்காரன். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, கடைசியில் ஒரு பழைய காரைச் சொந்தமாக வாங்கியவன். வீட்டில் தெலுங்கு, ஸ்டாண்டில் தமிழ், பெங்களூர் சவாரி என்றால் கன்னடம். மூன்று மொழியிலும் அவன் பேசுவது பெட்ரோலைப் பற்றித்தான்.

சரிவு வந்தால் போதும், சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிடுவான். கார் தன்பாட்டுக்கு உருண்டு போகும். அடுத்த மேடு தொடங்கும்போது மறுபடி கிளப்புவான். அந்தக் காலத்தில் இந்தச் சாலையில் ஓட்டிய எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இவனுக்கு அது ரத்தத்திலேயே ஊறியிருந்தது. உனக்கு எதற்கப்பா இஞ்சின், நாலு சக்கரம் போதுமே என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரித்துக்கொள்வானே தவிர மாற மாட்டான்.

அறுபத்தெட்டாம் வருஷம் அவன் மனைவி முனிலட்சுமி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அவளுடைய அம்மா அஞ்செட்டிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கேதான் சிக்கல். அஞ்செட்டி மலைக்குக் கீழே இருக்கிற ஊர். அங்கிருந்து தேன்கனிக்கோட்டைக்கு ஏறி வருகிற பாதையில் பொல்லாத வளைவு ஒன்று உண்டு. ஆள் நிறைந்த பழைய கார் எதுவும் அங்கே மூச்சு முட்டி நின்றுவிடும். உடனே ஒருவர் குதித்து, பின்சக்கரம் உருளாமல் கட்டை வைக்க வேண்டும். மற்றவர்கள் இறங்கி நடக்க வேண்டும். கார் காலியாக ஏறி மேலே காத்திருக்கும். அஞ்செட்டிக்காரர்களுக்கு இது பழகிப்போய், வளைவைக் கண்டதுமே யாரும் சொல்லாமல் கதவைத் திறந்துவிடுவார்கள்.

முந்தின வருஷம் வெங்கடப்பன் ஒரு பிரசவக் கேஸை ஏற்றி வந்தான். அந்தப் பெண்ணும் வளைவில் இறங்கித்தான் நடந்தாள். பாதி மேட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை பிழைக்கவில்லை. இதை அவன் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான், அதுவும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

இப்போது முனிலட்சுமியைச் சோதித்த நர்ஸம்மா அன்னமேரி, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் ஓர் அடிகூட நடக்க விடாமல் நேரே ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். முன்னாலேயே அழைத்து வந்துவிடேன் என்றேன். மாமியார் நல்ல நாள் பார்த்துத்தான் அனுப்புவாளாம். ஆக, அந்த வளைவில் அவன் கார் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

பெங்களூர் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஜெபராஜிடம் போனோம். பெங்களூரின் பழைய சாமான் கடைகளை அலசி அவர் இரண்டு இரும்புகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சூப்பர்சார்ஜர், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன ரேஸ் காரில் இருந்தது. மற்றது டர்போசார்ஜர், ஓர் அமெரிக்கக்காரரின் நொறுங்கிய காரிலிருந்து கழற்றியது. இரண்டுக்கும் வேலை ஒன்றே: இஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவது. காற்று கூடினால் பெட்ரோல் நன்றாக எரியும், பலம் கூடும். முதலாவதை இஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். அடுத்ததைச் சுற்றுவது வெளியே போகிற புகை.

ஜெபராஜ் அந்த இரண்டாவதை எடுத்து வாயால் ஊதினார். உள்ளே இருந்த சின்னச் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. அவர் ஊதி முடித்த பிறகும் நிற்காமல் சுற்றியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேண்டாம் என்று நாம் வெளியே தள்ளுகிற புகை, திரும்பி வந்து நம் வண்டியையே தள்ளுகிறது! இப்படியும் ஒருவனுக்கு யோசனை வந்திருக்கிறதே என்று வாய் பிளந்து நின்றேன். வெங்கடப்பன் கண்கலங்கியே விட்டான். ஓசியில் கிடைக்கிற பலம் அல்லவா?

இதுதான் வேண்டும் என்றான். ஜெபராஜ் தயங்கினார். வளைவில் வேகம் குறைந்தால் புகையும் குறையும், உள்ளே இருக்கிற சின்னச் சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும் என்றார். பெல்ட் மிஷின் அப்படி இல்லை, மிதித்த மாத்திரத்தில் தள்ளும், ஆனால் எப்போதும் பெட்ரோல் குடிக்கும். கடைசி வார்த்தையைக் கேட்டதும் வெங்கடப்பனின் முகம் சுருங்கிவிட்டது. புகை மிஷினையே மாட்டுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

ஜெபராஜுக்குக் குருபரப்பள்ளியில் ஒரு வேலை இருந்தது. பேசிக்கொண்டே போகலாம் என்று மூவரும் வெங்கடப்பனின் காரில் கிளம்பினோம். சூளகிரி தாண்டி ஒரு சரிவு. கார் சத்தமில்லாமல் உருண்டது. ஜெபராஜ் மெதுவாகக் கேட்டார்.

"வெங்கடப்பா, இஞ்சினை யாரு நிறுத்துனது?"

"நானா? நான் எங்கண்ணே நிறுத்துனேன்? ஓடிக்கிட்டுதான இருக்குது."

குனிந்து பார்த்தான். சாவி திரும்பியிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. நிறுத்தியது அவனுடைய கைதான், அவனுக்கே தெரியாமல்.

ஜெபராஜ் அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். மேடு ஏறி முடித்ததும் அந்தப் புகைச் சக்கரம் தீக்கங்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். இஞ்சினிலிருந்து வருகிற எண்ணெய்தான் அதன் உயிர். இஞ்சினைச் சட்டென்று அணைத்தால் எண்ணெய் நிற்கும், அந்தச் சூட்டில் உள்ளேயே கருகிவிடும். இரண்டு சரிவு தாங்கலாம், பத்து தாங்கலாம். எதில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"உன் கையை உன்னாலயே நம்ப முடியலையேப்பா. பொண்டாட்டியை ஏத்திக்கிட்டு வர்றன்னிக்கி அது போயிருந்தா என்ன பண்ணுவ?"

வெங்கடப்பன் சாவியைத் திருப்பி இஞ்சினைக் கிளப்பினான். திரும்பி வந்ததும் பெல்ட் மிஷினை மாட்டச் சொன்னான். புகை மிஷினை ஒரு தடவை கையில் எடுத்து, ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

நல்ல நாளுக்கு வலி காத்திருக்கவில்லை. ஒரு காலையில் அஞ்செட்டி பஸ் கண்டக்டர் ஓடிவந்து செய்தி சொன்னார். கடையைக்கூடப் பூட்டாமல் நானும் காரில் ஏறினேன், எதற்கும் இருக்கட்டும் என்று மடியில் சக்கரக் கட்டையோடு. அஞ்செட்டியில் முனிலட்சுமியைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். அவள் அம்மாவும் அத்தையும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டார்கள். கார் நிறைந்துவிட்டது.

வளைவு தெரிந்தது. நான் கட்டையை இறுகப் பிடித்தேன். பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால், முனிலட்சுமி எழுந்து உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அத்தையைத் தாண்டி ஒரு காலை வெளியே வைக்கப் போகிறாள். சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் இறங்கியே பழகியவள்.

"எறங்காத முனிலட்சுமி. உக்காரு. வண்டி நிக்காது."

சொல்லிக்கொண்டே வெங்கடப்பன் மிதித்தான். அத்தை கதவை இழுத்துச் சாத்தினாள். வீல் என்று இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வழக்கமாக வண்டி நிற்கிற இடம் வந்தது. போனது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து வைத்துக் குழியாகிப் போன மண், என் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனதைப் பார்த்தேன். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள், சாமியையா மிஷினையா என்று தெரியவில்லை. எனக்கும் கும்பிடத்தான் தோன்றியது. கையில் கட்டை இருந்தது.

உச்சியைத் தாண்டியதும் சரிவு. வெங்கடப்பனின் கை தானாகச் சாவிக்குப் போனது. முனிலட்சுமி பின்னாலிருந்து அவன் தோளைப் பற்றினாள்.

"நிறுத்தாத. ஓடட்டும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தகிரியமா இருக்குது."

கை திரும்பி வந்தது. இஞ்சினை அணைத்தால் பெல்ட் மிஷினுக்கு ஒன்றும் ஆகாது, அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஓசூர் வரை எந்தச் சரிவிலும் அவன் சாவியைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் கார் ஓடிக்கொண்டே நின்றது. வாட்ச்மேன் கத்தினான். பெட்ரோல் வீணாகிறதே என்று நான் அணைக்கப் போனேன். வெங்கடப்பன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேணாம்ணே. அவளுக்குக் கேக்கும்."

வெயில் ஏறி, நிழல் எங்கள் காலடிக்கு வந்துவிட்டது. பெட்ரோலைத் துளித்துளியாகச் சேர்த்த அந்த மனிதன், இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி சுவரோரம் நின்றான். உள்ளே குழந்தை அழுதது. முனிலட்சுமி நன்றாக இருக்கிறாள் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் அவன் காருக்குப் போய்ச் சாவியைத் திருப்பினான்.