உருகிப்போன ஒன்பது கிலோ

தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டு, கார்த்திகையில் ஒரு வேளை உணவோடு விரதம் தொடங்கினேன். மார்கழி முடிவதற்குள் வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. எனக்குப் பெருமகிழ்ச்சி. அடியார்கள் உடல் உருகிப் பாடியவற்றை நாள்தோறும் ஓதுகிறவன் நான். அந்த உருக்கம் எனக்கும் வாய்த்ததென்றே நம்பினேன். தாகம் மிகுந்தபோது, பூசையில் படைத்த பானகத்தை எங்கள் மலை ஏலம் மணக்கச் செம்பு செம்பாகக் குடித்தேன். பிரசாதம் கெடுதல் செய்யுமென்று யார் நினைப்பார்?

என் மனைவி நினைத்தாள். "வருசா வருசம்தான் வெரதம் இருக்கீக. ராத்திரிக்கு ஆறு தடவ எந்திரிக்கிறதும் பக்தியா?"

அவளுடைய தம்பி மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கிறார். அங்கே போனபோது, மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினார். ஐப்பசியில் விளையாட்டாக நிறுத்ததைவிட ஒன்பது கிலோ குறைவு.

"இன்னும் ரெண்டு நாள் காஞ்சா சாக்குல கட்டிரலாம் மாமா."

"முருகன் உருக்குறாரு மாப்ளே."

"உருக்கட்டும். ரத்தத்தக் குடுத்துப் பாத்துருவோம். ஜீப்பு கீழ போகுது, வெரசா ஏறுங்க."

போடியில் பரிசோதித்தபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. மருத்துவர் சொன்னதை மைத்துனர் ஸ்டோர் மொழியில் எனக்கு விளக்கினார்.

"அடுப்புக்கு வெளிய வெறகு குமிஞ்சு கெடக்கு. உள்ள தள்ள வேண்டிய ஆளு இன்சுலின். அவன் சோலிக்கு வரல. சூடு வேணுமே? ஒடம்பு தன் கூரக் கட்டையப் பிரிச்சு எரிக்குது. நீங்க பானகம்னு இன்னும் ரெண்டு லோடு வெறக எறக்கிருக்கீக."

எனக்கிருந்த கேள்வி ஒன்றுதான்: நேர்ந்த நடையை நடக்கலாமா?

"இப்ப வேண்டாம். சர்க்கரை அடங்கட்டும்" என்றார் மருத்துவர். "ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்தீங்கன்னா மயங்கி விழுவீங்க. விரதம் இனிமே கிடையாது."

தைப்பூசம் தவறியது. ஊசியும் நேரத்துக்கு உணவுமாக இரண்டு மாதம் கழிந்தபின், பங்குனி உத்திரத்திற்குத்தான் அவர் தலையசைத்தார். மனைவியும் உடன் வந்தாள். பெரியகுளம் சாலையில் காலை எட்டு மணிக்கு, விரதக்காரர்கள் நடுவே நான் மட்டும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கூசினேன்.

"சாப்பிடுங்க. உருகுனது போதும்."

அடுத்த பந்தலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்வைக்கு அஞ்சி ஒரு துளியை மட்டும் நாவில் வைத்து, மீதியைப் பின்னால் வந்தவரிடம் கொடுத்தேன். முருகன் திருமுன் நான்கு கிலோ கூடி நின்றேன். புறப்படுமுன் ஏறி நின்ற மைத்துனரின் தராசே சாட்சி.