உப்பளத்தின் மேல் திசை தவறிய கேப்டன் இருதயராஜ்

செய்தி வந்தபோது நான் மரக்காணம் பேருந்து நிலையத்தில் சென்னைப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் பழைய மாணவர்கள் குழுவில் ஒருவன் ஒரே வரி போட்டிருந்தான். கேப்டன் இருதயராஜ் மாரடைப்பில் இறந்துவிட்டார். நான் பேருந்தில் ஏறி உட்கார்வதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்துவிட்டன. "வாழ்நாளில் ஒரு தவறும் செய்யாத விமானி" என்று ஒருவன் எழுதினான். பலர் அதை ஆமோதித்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த வரி பொய் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இருதயராஜ் சாருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு வாடகை மாடியில் தனியாக இருந்தார். அவரிடம் பறக்கக் கற்றவர்கள் எல்லோரும் அவருடைய கிண்டலை வாங்கியிருப்பார்கள். முதல் நாள் நான் பயத்தில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, "ஏம்மா, அது மாட்டுக் கயிறு இல்ல, ரெண்டு விரல் போதும்" என்றார். உப்பளத்துக் காலனியிலிருந்து வந்த பெண் என்று பள்ளியில் மற்றவர்கள் என்னிடம் காட்டிய மரியாதையான தூரத்தை அவர் காட்டவில்லை. எல்லோரையும் திட்டிய அளவுக்கே என்னையும் திட்டினார். அந்த இடத்தில் அது பெரிய விஷயம்.

கருவிப் பறத்தல் பயிற்சியைப் பற்றி, தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேகத்துக்குள் போனால் வெளியே எதுவும் தெரியாது. அதற்குப் பழகுவதற்காக மாணவரின் தலையில் ஒரு மூடியை மாட்டுவார்கள். எதிரே இருக்கும் கருவிகள் மட்டுமே கண்ணில் படும். வெளியே பார்ப்பது பக்கத்தில் இருக்கும் வாத்தியாரின் வேலை. விமானம் யார் கையில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் கை மாற்ற வேண்டும். ஒருவர் "கண்ட்ரோல் என்கிட்ட" என்றால் மற்றவர் "உங்ககிட்ட" என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். இதில் அவர் மிகக் கறாரானவர். "காது பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும். மீட்டர் முள்ளு சொல்றதக் கேளு" என்பார்.

அது தை மாதக் காலை. உப்பளத்துப் பாத்திகளில் புதிதாகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். பனி கலையவில்லை. மூடி போட்டுக்கொண்டு நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து ரேடியோவில் அலைவரிசை மாற்றிக்கொண்டே என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது ஒரே வெளுப்பு. பனியும் வெளுப்பு, பாத்தித் தண்ணீரும் வெளுப்பு. நடுவே கோணலாக ஓடிய ஒரு நீண்ட வரப்பை அவர் அடிவானம் என்று எடுத்துக்கொண்டார். இதைப் பின்னால் அவரே சொன்னார். நாங்கள் சாய்ந்து பறப்பதாக நினைத்து, "கண்ட்ரோல் என்கிட்ட" என்று வாங்கி, இறக்கைகள் அந்த வரப்போடு நேராகும்படி விமானத்தைச் சாய்த்தார்.

எனக்கு உடம்பில் எதுவும் தெரியவில்லை, நேராகப் போவது போலத்தான் இருந்தது. ஆனால் கருவியில் இடது இறக்கை தாழ்ந்திருந்தது. உயரம் இறங்கிக்கொண்டிருந்தது. சார், இடது பக்கம் சாயுது என்று சொன்னேன். மீட்டர் மாட்டிக்கிட்டிருக்கும், வெளியே நான்தானே பார்க்கிறேன் என்றார். மறுபடி சொன்னேன். வாயை மூடு என்றார். மூன்றாம் முறை சொல்ல வாய் எடுத்தபோது அவரே கேட்டார். இருபது வருடம் பறந்த மனிதரின் குரல் அல்ல அது.

"எங்கம்மா இருக்கோம்?"

உப்பளத்து மேல, இடது பக்கம் சாஞ்சு இறங்கிக்கிட்டிருக்கோம் சார் என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கண்ட்ரோல் உன்கிட்ட" என்றார். நான் வாங்கினேன். மூடியைக் கழற்றாமல், முள்ளைப் பார்த்தே இறக்கைகளைச் சமன் செய்து மேலே ஏற்றினேன். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தேன். என்னைச் சாமர்த்தியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விமானம் தலைக்கு மேல் வருவதைப் பார்த்துப் பலர் பாத்திக்குள் படுத்துவிட்டார்கள். வரப்புக்கு மண் சுமந்துகொண்டிருந்த அஞ்சலை அத்தை கூடையோடு சரிந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. எங்கள் தெருக்காரர் அவர்.

பள்ளி முதலாளி அன்று மாலையே எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மாணவி மூடிக்குள் பயந்து கண்ட்ரோலை இழுத்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றார். "அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க." நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் முன்னால் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை. கீழே ஒருத்தியின் கை உடைந்ததைப் பற்றி அந்த அறையில் பேச்சே எழவில்லை. இருதயராஜ் சார் எழுந்து வெளியே போனார். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்பும் நடந்ததை முழுதாகச் சொன்னார். விசாரணைக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். "நான்தான் தொலஞ்சு போனேன், அந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சுது." வேலை போயிற்று. கற்றுக்கொடுக்கும் உரிமையும் போயிற்று.

நாம் என்ன செய்தோம்? அவர் பெயரை வைத்து விளையாடினோம். யாராவது வழி தப்பினால் 'இருதயராஜ் ஆயிட்டான்' என்றோம். கேன்டீனில் சாம்பாரைத் தவறான தட்டில் ஊற்றியவனைக்கூட அப்படிச் சொன்னோம். நானும் சிரித்தேன்.

அதே வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, கை உடைந்த அம்மாவின் இடத்தைக் காட்டச் சொன்னார். அவருடைய ஸ்கூட்டரில் போனோம். அத்தை கையில் கட்டோடு உப்பளக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். வேலை செய்ய முடியாவிட்டாலும் வராமல் இருந்தால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்ற பயம். சார் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து போனார். தான்தான் அந்த விமானத்தை ஓட்டியவர் என்று சொன்னார்.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், மேல அவ்ளோ எடம் கெடக்குது, எங்க தல மேலதான் ஓட்டணுமா?"

"எங்க இருக்கேன்னே தெரியாம போச்சும்மா."

"கூட எங்க ஊட்டுப் பொண்ணு இருந்துச்சே. அதாண்ட கேக்க வேண்டியதுதானே?"

"அது சொல்லுச்சும்மா. நான்தான் கேக்கல."

சுற்றி இருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஒரு கேப்டன் இப்படி வெறுங்காலோடு நிற்பதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டேன். கட்டுப் பிரிக்கும்வரை ஒவ்வொரு வாரமும் அத்தையைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவர்தான் அழைத்துப் போனார். பள்ளியிலிருந்து ஒரு நாய்கூட வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளி அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தியது. உயிரோடு இருந்தபோது வாசலில் விடாதவர்கள் படத்துக்கு ரோஜா மாலை போட்டார்கள். முதலாளி பேசும்போது, ஒரு கீறல்கூட விழாத பறப்பு வாழ்க்கை என்றார். பிறகு, "நம்ம பள்ளியோட பெருமை" என்று சொல்லி மைக்கை என்னிடம் கொடுத்தார். இப்போது நான் துணை விமானி, சீருடையில் போயிருந்தேன். அவரிடம் ஒரு பிசகைக்கூட நான் கண்டதில்லை என்று சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எல்லோரும் சொன்னதையே சொல்வது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

பேசிவிட்டு இறங்கும்போதுதான் கடைசி நாற்காலிகளுக்குப் பின்னால் அஞ்சலை அத்தை நிற்பதைப் பார்த்தேன். பஸ் பிடித்து வந்திருக்கிறார். உட்காரச் சொல்ல ஆள் இல்லை. வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, அவரு நம்ம அளத்துக்கு வந்தத ஏன் சொல்லல? ஆசாமி செஞ்சதுலயே அதானே பெருசு?"

தவறை அழித்தபோது அவர் அதற்குப் பிறகு செய்த எல்லாவற்றையும் சேர்த்தே அழித்திருந்தேன். இருதயராஜ் ஒருநாள் தொலைந்து போனார். தொலைந்தது புரிந்த வினாடியே மாணவியிடம் கேட்டார், மறுநாள் ஊரறியச் சொன்னார், காயம்பட்டவரைத் தேடிப் போனார். நாம் மாலை போட்டது அவருக்கு அல்ல. அவர் முகத்தை ஒட்டி வைத்த வேறு ஒருவருக்கு.

இதை அனுப்புவதற்கு முன் அத்தையின் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார். அந்த வலது கை இன்னும் முழுதாகத் திரும்புவதில்லை. முடித்ததும், ஒன்றை விட்டுவிட்டாய் என்றார்.

"அழுதாரே, அத எழுதலியே."

சார் அழுதாரா, எனக்குத் தெரியாதே என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் வண்டியாண்ட போயிட்டியே. அந்தாளு அழுவுறாரு, என்னா பண்றதுன்னே தெரியல எனக்கு. ஒத்தக் கையால டீ ஊத்திக் குடுத்தேன். குடிச்சாரு."

சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது. நான் பார்க்கவில்லை, பார்த்தவர் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன். உப்பளக் கொட்டகையில், சேற்றுக் காலோடு உட்கார்ந்து, தன்னால் கை உடைந்த பெண் கொடுத்த டீயைக் குடிக்கும் கேப்டன் இருதயராஜ்.