1921-ஆம் வருஷத்து பயனெட்

ஓரின் டெட்ரிக் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேரிஸ்பர்க் வட்டாரத்தில் யாருக்குப் பழைய ராணுவ பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, கிடைத்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார், பிடிக்குக் கீழே அடித்திருக்கும் எழுத்தை பூதக்கண்ணாடியில் பார்ப்பார், எந்த ஆயுதசாலை, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் வீட்டு நிலவறைச் சுவரில் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் பதினாறு அங்குல பயனெட்டுகள் வருஷ வரிசையில் தொங்கின. 1921 மட்டும் இல்லை. பத்தொன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அது கிளெம் பாசெட்டுக்குக் கிடைத்தது.

கிளெம் தபால்காரராக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஓரினைப் பார்த்து இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு பண்ணை ஏலத்தில், மண்வெட்டியும் துருப்பிடித்த கத்தரிகளும் கிடந்த பெட்டியைப் பதினைந்து டாலருக்கு எடுத்தார். அதன் அடியில் இது கிடந்தது. மறுநாள் காலை உணவு விடுதியில், முட்டைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு ஓரின் முன்னால் மேஜை மேல் வைத்தார்.

"பாருப்பா. எனக்கு ஒண்ணும் புரியல. நல்லதா, குப்பையா?"

ஓரின் கையில் எடுத்தார். தகட்டின் மேல் சாம்பல் கலந்த கறுப்புப் பூச்சு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. வருஷம் தெளிவாக இருந்தது. கித்தான் உறையும் நுனித் தோலும்கூட அப்படியே இருந்தன. வாரக் கடைசி தவறாமல் இரண்டு மாநிலம் சுற்றியவர் அவர். இந்த ஆள் மண்வெட்டி வாங்கப் போன இடத்தில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

"வருஷத்தை அப்புறமா அடிச்சிருக்காங்க. கடைசி ஒண்ணு சாஞ்சிருக்கு பார். பூச்சும் புதுசு. யாரோ ஏமாத்தறதுக்குப் பண்ணது" என்றார்.

கிளெம் குனிந்து பார்த்தார். "எனக்கு நேரா இருக்கிற மாதிரிதான் தெரியுது. சரி, நீ சொன்னா சரிதான். உனக்குத் தெரியாததா?"

கொஞ்சநாள் போகட்டும், உதிரி பாகத்துக்கு வேணும் என்று இருபது டாலருக்குக் கேட்டுவிடலாம் என்பது ஓரினின் கணக்கு. மூன்றாவது வாரம் கிளெம் வீட்டுக்குப் போனார். கிளெமின் மனைவி அர்லீன் கதவைத் திறந்து, "உள்ள வாங்க, அவர் கைவேலையைப் பாருங்க" என்றாள்.

கணப்புக்கு மேலே சுவரில் அது தொங்கியது. பழைய பூச்சு இருந்தால்தான் மதிப்பு; அது முழுக்கப் போய், வெள்ளிக் கரண்டிபோல் பளபளத்தது.

"போலிதானேன்னு இரும்பு நாரால நல்லா தேய்ச்சுட்டேன். ரெண்டு நாள் வேலை. உறையில கித்தான் அழுக்கா இருந்துச்சு, உரிச்சுட்டு பச்சை அடிச்சேன். எப்படி?" என்றார் கிளெம்.

ஓரின் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, அர்லீன் வைத்த காப்பியைக் குடிக்காமலே கிளம்பினார்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடுதியில் கிளெம் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது நிஜம். அன்னிக்கே எனக்குத் தெரியும். உன்கிட்ட இருக்கிறது எனக்குப் பொறுக்கல."

கிளெம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்தார். தின்னவில்லை.

"பதினஞ்சு டாலர் சாமான், அது போகட்டும். மூணு வருஷமா நீ சொன்னதை வச்சுத்தான் ஒவ்வொண்ணா வாங்கினேன். நீ வேண்டாம்னு சொன்னதை வித்தேன். இப்ப எதை நம்புறது, ஓரின்? எதுக்கெல்லாம் பொறுக்காம சொன்ன?"

"இது ஒண்ணுக்குத்தான்."

"அதையும் நீதான் சொல்ற."

கிளெம் எழுந்து போனார். தன்னிடமிருந்த பதினான்கு பயனெட்டுகளையும் டேட்டன் ஊரில் இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஓரின் சொன்னது அத்தனையும் சரியாகவே இருந்தது. அப்படியும் கிளெம் விடுதிப் பக்கம் வரவில்லை.

நவம்பரில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ராணுவப் பொருள் கண்காட்சி. இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை, மனஸ்தாபத்துக்கு முன்பே வசந்தத்தில் பதிவு செய்தது. கிளெம் அந்தப் பளபளக்கும் பயனெட்டை நடுவில் வைத்து, ஓர் அட்டையில் எழுதியிருந்தார்: '1921. அசல். தவறான யோசனையால் நான் கெடுத்தது.'

கூட்டம் அங்கேதான் நின்றது. 1921 மட்டும் இல்லாத ஓரினின் வரிசையை ஆட்கள் போகிறபோக்கில் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கெட்டுப்போன ஒன்றை வைத்துக்கொண்டு இவன் கூட்டம் சேர்க்கிறானே என்று அப்போதும் ஓரினுக்கு உள்ளே எரிந்தது. எரிகிறது என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

"எந்த மடையன்யா யோசனை சொன்னது?" என்று தொப்பி போட்ட ஒருவர் கேட்டார்.

"தெரிஞ்சவர்தான்" என்றார் கிளெம்.

ஓரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான்தான். அசல்னு தெரிஞ்சே பொய் சொன்னேன். பொறாமை."

தொப்பிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் ஓரினிடம் அபிப்பிராயம் கேட்டு வந்தவர்கள் குறைவு.

அன்று கிளெம் ஓரினைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மத்தியானம் அர்லீன் இரண்டு சாண்ட்விச் கொண்டுவந்தபோது, ஒன்றை எடுத்து இரண்டு மேஜையும் சேரும் இடத்தில் வைத்தார்.