அலமாரியைத் தொட்டது யார்?

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற அவருக்குப் பூட்டு என்று பட்டம் கொடுத்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஷட்டரைப் பூட்டியபின் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறையும் பார்ப்பார். யாராவது பாராட்டினால், இந்த ஆளுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்றுதான் யோசிப்பார். கெட்டவர் இல்லை. நம்புவதற்கு ஆதாரம் கேட்பவர், சந்தேகப்பட மட்டும் எதையும் கேட்காதவர். நம்மில் பலரும் அப்படித்தான். அவர் அதை மறைப்பதில்லை, அவ்வளவே.

தனிக்கட்டை. அவருக்கென்று இருந்தது வேறு ஊரில் ஓர் அக்கா. இருவருக்கும் நடுவே மின்நூல்கள் நிறைந்த ஓர் அலமாரி. அலமாரி என்பது அவர்களாக வைத்த பேர். உண்மையில் அது கணினியில் ஒரு ஃபோல்டர். இவர் வீட்டில் ஒன்றை மாற்றினால் இணையம் வழியாக அக்கா வீட்டிலும் மாறிவிடும்; அங்கே மாற்றினால் இங்கேயும். அதிலிருந்துதான் இருவரும் தத்தம் ரீடர் கருவிக்குப் புத்தகங்களை ஏற்றிக்கொள்வார்கள். ஃபோனில் நலம் விசாரிக்கிற வழக்கம் இருவருக்கும் கிடையாது. அக்கா ஒரு நாவலை முடித்து ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால், நன்றாக இருக்கிறாள் என்று இவருக்குத் தெரிந்துவிடும். இவர் எதற்கும் இரண்டுக்கு மேல் போட்டதில்லை.

அலமாரியை ஒழுங்காக வைப்பது பூட்டின் வேலை. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று விதமாகக் கிடந்தால் ஒன்றாக்குவார். தொடர்நாவல்களுக்குப் பாக எண் போடுவார். அட்டை இல்லாதவற்றுக்கு அட்டை தேடி ஒட்டுவார். தத்துவ நூல் ஒன்று ‘சமையல்’ என்ற பிரிவில் கிடந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள், அவர் சரிசெய்து வைத்திருந்த அப்படி ஒரு தத்துவ நூல் சமையலுக்குத் திரும்பிப் போயிருந்தது. சரிசெய்தார். மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் மறுபடியும் சமையலில். ஒன்றாக்கிய ஆசிரியர் மூன்றாகப் பிரிந்திருந்தார். பாக எண்களைக் காணவில்லை. எப்போது மாறியது என்று பார்த்தார்: காலை, கடை திறக்கிற வேளை. அந்நேரம் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் இருப்பவர் அத்தான். ஓய்வுபெற்றவர். காலையில் கணினி முன்னால் உட்காருகிறவர். “இவ்வளவு படிச்சு என்னத்தைக் கிழிச்சே மாப்ளே?” என்று எப்போதோ கேட்டவர். கணக்கு சரியாக வந்தது.

பூட்டு பொறி வைத்தார். அந்தத் தத்துவ நூலின் குறிப்புப் பகுதியில், ‘இதைத் தொட்டது யார் என்று எனக்குத் தெரியும்’ என்று எழுதினார். மறுநாள் அந்த வரி போயிருந்தது. வார விடுமுறையன்று மட்டும் எதுவும் கலையவில்லை. அன்று அக்கா வீட்டில் இருக்கிறாள் அல்லவா, மனுஷன் அடக்கி வாசிக்கிறார் என்று முடிவுகட்டினார். சந்தேகம் இறுகிவிட்டால் எதிர்ச்சாட்சியும் அதற்கே சாட்சி சொல்லும்.

அக்காவைக் கூப்பிட்டார்.

“அத்தான் காலையில கம்ப்யூட்டர்ல என்னக்கா பண்றாரு?”

“சீட்டு விளையாடுவாரு. ஏன்டா?”

“சீட்டு மட்டுந்தானா?”

“என்னடா போலீஸ் மாதிரி கேக்குறே?”

“நம்ம அலமாரியைக் கலைக்கிறாரு. ஆதாரம் இருக்கு.”

“அட கிறுக்கா, அந்த மனுஷனுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. சீட்டையே நான்தான் திறந்து வச்சுட்டுப் போறேன்.”

“தெரியாத மாதிரி இருக்கிறவங்களைத்தான்க்கா கவனிக்கணும்.”

அந்தப் பக்கம் டம்ளரை டக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ நானும் தெரியாத மாதிரி இருக்கேனோ என்னவோ. உன் அலமாரியை நீயே கட்டிக்கிட்டு அழு.”

அன்று மாலையே ஃபோல்டரிலிருந்து அக்கா விலகிவிட்டாள். இனி அவள் என்ன படிக்கிறாள் என்று தெரியாது; நன்றாக இருக்கிறாளா என்றும் தெரியாது. இருக்கட்டும், அலமாரியாவது பத்திரம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார்.

மறுநாள் கலைந்திருந்தது.

அக்கா இல்லை, அத்தான் இல்லை. எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று பார்த்தார்.

விடை கடையில் கிடைத்தது. காலையில் முதலாளி பில் போடும் மேஜையிலிருந்து கத்தினார்.

“யோவ் பூட்டு! ஆன் பண்ணதும் இந்தக் கிழட்டு மெஷின் பில்லைக் காட்டாம புத்தகமா காட்டுதே, உன் வேலையா?”

பூட்டு கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்தார். புதுக் கணினி பழுதானதால், அலமாரி கலையத் தொடங்கிய வாரம்தான் பரணிலிருந்த பழையதை இறக்கி வைத்திருந்தார்கள். இறக்கியவரே அவர்தான். சாப்பாட்டு வேளையில் படிக்கலாமென்று எந்தக் காலத்திலோ அதில் அலமாரியை ஏற்றி வைத்ததும் அவர்தான். தினமும் காலையில் கண்விழித்ததும், அது தன்னிடமிருந்த பழைய விவரங்களையே புதியவை என்று நினைத்து வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிட்டு, நல்ல பிள்ளையாகப் பில் போடப் போய்விடும். வார விடுமுறையன்று கடையோடு சேர்ந்து அதுவும் தூங்கும்.

அலமாரியை அதிலிருந்து நீக்கினார். நீக்கியதை மூன்று முறை சரிபார்த்தார். சாயங்காலம் அக்கா வீடு திரும்பும் நேரம் பார்த்து ஃபோனை எடுத்தார்.

“அக்கா.”

“சொல்லு இன்ஸ்பெக்டர்.”

“ஆள் கிடைச்சுட்டான்.”

“யாராம்?”

“நான்தான்.”

விஷயத்தைச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. “என்கிட்ட சொல்லி என்ன? கேக்கவேண்டியவர்கிட்ட கேளு” என்று ஃபோனை அத்தானிடம் நீட்டிவிட்டாள்.

“என்ன மாப்ளே, கேஸ் வாபஸா?”

“மன்னிச்சுக்குங்க அத்தான்.”

“அது கிடக்கட்டும். நான் எந்தப் புத்தகத்தைத் தொட்டேன்னு சொன்னே? தத்துவமா? என்னைத் தத்துவம் படிக்கிறவன்னு நினைச்ச ஒரே ஆள் நீதான்யா.”

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. பூட்டு அவளுக்குத் திரும்பவும் அழைப்பு அனுப்பினார். சேர்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தத்துவ நூல் மறுபடியும் சமையலில் கிடந்தது. பூட்டு குறிப்புப் பகுதியைத் திறந்தார். ‘நான்தான்டா தொட்டேன். என்ன பண்ணுவே?’ என்று இருந்தது. உடனே மாறிய நேரத்தைப் பார்த்தார். காலை இல்லை, சாயங்காலம். அக்கா வேலை முடிந்து வந்திருக்கும் வேளை. பிறகுதான் மூச்சு விட்டார்.

புத்தகத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டுச் சிறிது யோசித்தார். அந்தப் புத்தகத்துக்கு அவர் போட்டிருந்தது இரண்டு நட்சத்திரம். அதை மூன்றாக்கினார்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது.

“டேய், உடம்புக்கு என்னடா?”